தோற்றுவிட்டு வருகிறேன்

வடசேரி, நாகர்கோவில்
4 பிப்ரவரி 2022

அத்தானுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. யார் முதலில் வைப்பது என்பதில்கூட நமக்குள் போட்டி. அதனால் கல்யாணத்துக்கு முன்னால் செய்ததுபோலக் காகிதத்தில் எழுதுகிறேன். என் போன் இப்போது என் கையில் இல்லை. வேட்பாளருக்கு வரும் அழைப்பையெல்லாம் வேட்பாளரே எடுக்கக் கூடாதாம், உங்கள் வட்டச் செயலாளர் தாணுலிங்கம் அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டார். இதை எதிர்வீட்டு ரெஜிஷாவின் போனில் படம் எடுத்து அனுப்புகிறேன். நீங்களும் கையால் எழுதி அவளுக்கே அனுப்புங்கள். படிக்க மாட்டேன் என்று பைபிளைத் தொட்டுச் சொல்லியிருக்கிறாள். படித்தாலும் உங்கள் கையெழுத்து அவளுக்குப் புரியப் போவதில்லை.

இன்றைக்கு மனுத் தாக்கல் செய்துவிட்டேன். நம் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்று தெரிந்ததும், நீங்கள் மஸ்கட்டிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டு, "எனக்க வீட்டுல சஜி நிப்பா" என்று சொல்லிவிட்டீர்கள். என்னைக் கேட்டீர்களா? கடியப்பட்டணத்திலிருந்து வரும் மீன்காரி வாசலில் கூடையை இறக்கி, "கவுன்சிலரம்மா, சாள வேணுமா?" என்று கேட்டபோதுதான் நான் தேர்தலில் நிற்கும் விஷயம் எனக்கே தெரிந்தது. அன்றைக்கு மீன் வாங்கவில்லை. உங்கள்மேல் இருந்த கோபத்தில் அவளையும் விரட்டிவிட்டேன்.

அது போகட்டும். மாநகராட்சி அலுவலகத்தில் உறுதிமொழி வாசித்துக் கையெழுத்துப் போட்டு வெளியே வருகிறேன், ரெஜிஷா ஓடி வந்து உங்கள் செய்தியைக் காட்டுகிறாள். கம்பெனி குடும்ப விசாவுக்குச் சம்மதித்துவிட்டது, மார்ச்சில் வந்துவிடு என்று. ஒன்பது வருஷமாக நான் கேட்டது. அபிதா சின்னப்பிள்ளை, படிப்புக் கெடும் என்றீர்கள். பிறகு கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை என்றீர்கள். இப்போது அவள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். நான் இந்த வீட்டில் ஒரு தம்ளர் அரிசி போட்டு ஒருத்திக்குச் சோறு வைக்கிறேன். விசா வருகிற நாளில் பார்த்து என் கழுத்தில் கட்சித் துண்டு கிடக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வாசலில் நின்றேன். அதையும் அண்ணன் போட்டோ எடுத்துவிட்டார்.

ஏழாம் தேதி வரை மனுவைத் திரும்பப் பெறலாம். என்ன செய்யட்டும்? நான் கேட்கிறேன், பாருங்கள்.

சஜிதா


ரூவி, மஸ்கட்
5 பிப்ரவரி

சஜி,

கேட்காமல் சொன்னது தப்புதான். ஆனால் என் நிலைமையையும் நினைத்துப் பார். 2011இல் நின்று தோற்றேன். 2016இல் லீவு போட்டு ஓடி வந்து மனுக் கொடுத்தேன், கோர்ட்டு தேர்தலையே நிறுத்திவிட்டது. வந்த லீவு தீர்ந்து திரும்பிப் போனேன். அதற்குப் பிறகு நாகர்கோவில் மாநகராட்சி ஆகிவிட்டது, முதல் மேயர் தேர்தல் வருகிறது, நம் வார்டு பெண்களுக்குப் போய்விட்டது. நம் தெருக்களில் நம் கட்சித் துண்டைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ கும்பிட்டுப் போவதை என்னால் நினைக்க முடியவில்லை. வாயில் வந்த பெயரைச் சொன்னேன். வாயில் வருவது உன் பெயர்தான்.

மனுவைத் திரும்பப் பெறாதே. கடைசி நேரத்தில் சத்தியராஜ் கட்சியைக் கவிழ்த்துவிட்டான் என்று பேச்சு வரும். அந்த வார்டு நமக்கு என்றைக்கும் கிடைத்ததில்லை, இப்போதும் கிடைக்காது. பேருக்கு நில். நாலு தெரு நட, கும்பிடு. பத்தொன்பதாம் தேதி ஓட்டு, இருபத்திரண்டாம் தேதி எண்ணிக்கை. தோற்றதும் விமானம் ஏறிவிடு.

இங்கே வீடு பார்த்துவிட்டேன். ஒரு அறை, ஒரு அடுக்களை. அடுக்களை ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். ஒரு செடிகூட இல்லாத மொட்டை மலை. நம்மூர்க்காரிக்கு இதைப் பார்த்தால் அழுகை வரும் என்று பிரதீஷ் சொன்னான். அதுதான், நம் கீழ்த்தெரு செல்லபாயின் மருமகன். பக்கத்துக் கட்டடத்தில்தான் இருக்கிறான். நேற்று ஒரு புட்டுக்குழல் வாங்கி அந்த அடுக்களையில் வைத்துவிட்டு வந்தேன். மூடி சரியாக உட்காரவில்லை. மாற்றட்டுமா?

சத்தியராஜ்


வடசேரி
7 பிப்ரவரி

அத்தானுக்கு,

மனுவைத் திரும்பப் பெறவில்லை. நேரம் முடிந்துவிட்டது.

சரி. தோற்றுவிட்டு வருகிறேன். புட்டுக்குழலை மாற்ற வேண்டாம், மூடியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சஜிதா


வடசேரி
12 பிப்ரவரி

அன்புள்ள அத்தானுக்கு,

கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. வெந்நீரில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதல் இரண்டு நாள் எனக்கு வாயே திறக்கவில்லை. அண்ணன் மைக்கில் என் பெயரைச் சொல்லிக்கொண்டு முன்னால் போவார், நான் கும்பிட்டுக்கொண்டு பின்னால் போவேன். மூன்றாம் நாள் குழாயடியில் குடத்தோடு நின்ற ஒருத்தி, தண்ணீர் எந்தெந்த நாளில் வரும் என்றாவது உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? நானும் அந்தத் தண்ணீருக்குத்தானே குடத்தோடு நிற்கிறேன். அன்றைக்குத் திறந்த வாய்தான். சாக்கடைக்குக் குழி தோண்டி மூடாமல் போட்டிருக்கிறார்களே, அந்தத் தெருவில் நின்று நான் பேசியதைக் கேட்டு அண்ணன் மைக்கை என் கையிலேயே கொடுத்துவிட்டார். இப்போது திருப்பிக் கேட்டாலும் நான் கொடுப்பதில்லை.

எந்த வீட்டுக்குப் போனாலும், "சத்தியராஜுக்க வீட்டுக்காரியா, ஏறி வா" என்கிறார்கள். ரேஷன் கார்டுக்கு அலைந்தது, ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தது, மின்கம்பத்தை மாற்றச் சொல்லிச் சண்டை போட்டது என்று ஒவ்வொரு வீட்டிலும் உங்களைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

கீழ்த்தெருவில் செல்லபாய் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவள் வீட்டு வாசலைக் காட்டினாள். தெருவிலிருந்து படி வரை வரிசையாகப் பெரிய கல் கிடக்கிறது. "மக்கா, இந்தக் கல்லப் பாத்தியா? உனக்க மாப்பிள போட்டது. எனக்க மவளுக்க கல்யாணத்துக்கு மொத நாளு மழைவெள்ளம். மாப்பிள வீட்டுக்காரு எப்பிடி ஏறி வருவாவண்ணு நான் கண்ணத் தொடச்சிக் கரஞ்சிட்டு நின்னேன். ஒத்தைக்கு நின்னு சுமந்து போட்டாவ" என்றாள்.

எந்த நாள் என்று கேட்டேன். அத்தான், அது நம் அபிதாவின் முதல் பிறந்தநாள்.

அன்றைக்குக் கேக்கை வெட்டாமல் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், பிள்ளையும் தூங்கிவிட்டாள். வேட்டி நிறையச் சேற்றோடு வந்தீர்கள். எங்கே போனீர்கள் என்று கேட்டேன். "கட்சி வேல" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டீர்கள். அந்தக் கோபத்தை இத்தனை வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்தேன். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் வந்து ஒரு கல் தூக்கியிருப்பேன்.

அந்தக் கல்மேல் ஏறி நின்றேன். எத்தனை சாயங்காலம் சோற்றை மூடி வைத்துவிட்டு உங்களுக்காக உட்கார்ந்திருந்தேனோ, அத்தனையும் இந்தத் தெருக்களில்தான் கிடக்கிறது. உங்களை அப்போதே பார்க்க வேண்டும்போல இருந்தது. மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு அழக் கூடாது என்பதால் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஒன்று சொல்ல மறந்தேன். ஜெயித்தாலும் ஜெயித்துவிடுவேன் என்கிறார் அண்ணன். கீழ்த்தெரு நம் பக்கம் வந்தால் போதுமாம். கடைசி நாள் சாயங்காலம் மறுபடியும் அங்கே போய்ப் பேசி முடிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

சஜி


ரூவி
14 பிப்ரவரி

அன்புள்ள சஜி,

கல்லைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். சொன்னால், பிள்ளையின் பிறந்தநாளைவிட அது பெரிதா என்று கேட்பாய். பெரிதில்லை என்று எனக்கே தெரியும். பதில் இல்லாத கேள்விக்குப் பயந்து குளிக்கப் போனேன்.

ரெஜிஷா தினமும் உன் வீடியோ போடுகிறாள். நேற்றைய வீடியோவில் நீ நீலச் சேலை கட்டியிருக்கிறாய். தெருவில் ஒருத்தி ஏதோ சொல்ல, நீ மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்துச் சிரிக்கிறாய். அந்தச் சிரிப்பை நான் பார்த்து எவ்வளவு காலம் ஆகிறது. முகம் தெரியாத அந்தப் பெண்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அறையில் இருப்பவர்கள் கேலி செய்தார்கள், அதற்குப் பிறகு சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தேன்.

வேலை முடிந்து வந்ததும் உன் கடிதம் வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். வராவிட்டால் சாப்பாடு இறங்குவதில்லை. வாங்கி வந்த குப்பூஸ் ரொட்டி காய்ந்து அப்பளமாகிக் கிடக்கிறது. வீட்டில் உட்கார்ந்து ஒருவருக்காகக் காத்திருப்பது என்றால் என்ன என்று இந்த வயதில் படிக்கிறேன்.

சஜி, பயமாக இருக்கிறது. நீ ஜெயித்தால் ஐந்து வருஷம். மீசை முளைத்த நாளிலிருந்து இந்தக் கட்சியில் இருக்கிறேன், நம் ஆள் தோற்க வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஜெபம் பண்ணும்போது அதைத்தான் கேட்டேன். கேட்டுவிட்டு வெட்கமாகவும் இருந்தது.

உனக்கு ஜெயிக்க ஆசையா? மறைக்காமல் எழுது.

சத்தியராஜ்


வடசேரி
17 பிப்ரவரி

அன்புள்ள அத்தானுக்கு,

இன்று சாயங்காலம் ஆறு மணியோடு பிரசாரம் முடிந்தது. கடைசியாகக் கீழ்த்தெருவுக்குப் போக அண்ணன் வண்டியோடு வந்து நின்றார். தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன். தலைவலி ஒன்றும் இல்லை. கேட்டீர்களே, அதற்குப் பதில் இதுதான். அங்கே போனால் ஜெயித்துவிடுவேன். அதனால் போகவில்லை.

செல்லபாய் வீட்டு முன்னால் நாற்காலி போட்டு, நன்னாரி சர்பத் கலக்கி வைத்து, அந்தத் தெருப் பெண்கள் எல்லாரும் இருந்தார்களாம். முனை வரைக்கும் வந்து வந்து பார்த்தார்களாம். ரெஜிஷா வந்து சொன்னாள். காத்திருக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. தெரிந்தேதான் செய்தேன்.

பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தேன். சேலைகளை மடித்து வைத்தேன். நீலச் சேலையை மட்டும் வைக்கவில்லை. அதை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு அதைத் துவைக்கப் போட்டுவிட்டேன்.

மலை மொட்டையாக இருந்தால் இருக்கட்டும். ஜன்னல் ஓரத்தில் இரண்டு தொட்டியில் துளசியும் கறிவேப்பிலையும் வைத்துக்கொள்ளலாம். தோற்றுவிட்டு வருகிறேன் அத்தான்.

சஜி


ரூவி
18 பிப்ரவரி, வெள்ளி

அன்புள்ள சஜி,

காலையில் உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சந்தோஷமாக எழுந்தேன். கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். டீ குடித்துக்கொண்டே மறுபடியும் படித்தேன். அந்தச் சேலை வரிக்கு வந்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டேன். கேட்டதற்குப் பதில் என்று எழுதியிருக்கிறாய், ஆனால் ஆசை இல்லை என்று ஓர் இடத்திலும் எழுதவில்லை.

இன்று எனக்கு லீவு. நேரே பிரதீஷின் அறைக்குப் போனேன். நம் வார்டுக்காரப் பையன்கள் நிறையப் பேர் அந்தக் கட்டடத்தில்தான். பிரதீஷ் என் முன்னாலேயே வீட்டுக்குப் போன் போட்டான். "ஏட்டி, நாளைக்கு சஜி அக்காவுக்குத்தான் போடணும், கேட்டியா. அவியளுக்குத் தலவலி, அதான் நேத்து வரல்ல. தெருவுல எல்லாருக்கிட்டயும் சொல்லு. அந்தக் கல்லு வழியாட்டுதான் நான் உனக்குத் தாலி கெட்ட வந்தேன்" என்றான். பிறகு அறை அறையாகப் போனோம். எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் பேசினார்கள். ஆறு மணிக்குமேல் பிரசாரம் கூடாது என்பதெல்லாம் மஸ்கட்டில் செல்லாது.

நடுவில் பிரதீஷ் என்னிடம் கேட்டான். "அண்ணே, அவிய ஜெயிச்சா இஞ்ச வரமாட்டாவளே?"

நான் அடுத்த அறைக் கதவைத் தட்டினேன்.

சத்தியராஜ்


வடசேரி
22 பிப்ரவரி

அத்தானுக்கு,

கவுன்சிலர் எழுதுகிறேன்.

கீழ்த்தெரு ஓட்டு எந்திரத்தைத் திறக்கும் வரை பின்னால்தான் இருந்தேன். மனசுக்குள் அந்த நீலச் சேலையையும் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். அதைத் திறந்ததும் அண்ணன் என் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டார். வெளியே வெடி போட்டார்கள். செல்லபாய் என் கன்னத்தைப் பிடித்து, "தலவலி மாறிச்சா மக்கா?" என்று கேட்டாள். அவள் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

முதல் தடவை என்னைக் கேட்காமல் நிற்க வைத்தீர்கள். இரண்டாம் தடவை என்னைக் கேட்காமல் ஜெயிக்க வைத்தீர்கள். உங்களுக்காக நான் விட்டதை எனக்காக நீங்கள் பிடித்துக் கொடுத்திருக்கிறீர்கள், தெரிகிறது. தெரிந்தாலும் கோபம் தீரவில்லை.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். பெயரை வாசித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அபிதா பிறந்த அன்றைக்கு இருந்தது மாதிரி. அன்றைக்கும் கண்ணைத் திறந்ததும் உங்களைத்தான் தேடினேன், இன்றைக்கும் அந்தக் கூட்டத்தில் உங்களைத்தான் தேடினேன்.

எல்லாரும் போன பிறகு பெட்டியிலிருந்த சேலைகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினேன். அப்போதுதான் அழுதேன். முன்பு ஊருக்காக என்னை விட்டுவிட்டுப் போனீர்கள். இப்போது எனக்காகவே என்னை விட்டிருக்கிறீர்கள். எதற்காக விட்டாலும் இந்த வீட்டில் நான் தனியாகத்தானே இருக்கிறேன்?

சஜிதா


ரூவி
25 பிப்ரவரி

அன்புள்ள சஜி,

உன் பெயருக்குக் கீழே கவுன்சிலர் என்று போட்ட போட்டோவை அறைச் சுவரில் ஒட்டிவிட்டேன். வருகிறவனுக்கெல்லாம் காட்டுகிறேன். காட்டிவிட்டு உட்கார்ந்தால் உன் கடைசி வரிதான் நினைவுக்கு வருகிறது.

பார்த்து வைத்த வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சாவியைக் கொடுக்குமுன் அடுக்களை ஜன்னலைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றேன். புட்டுக்குழலை மட்டும் எடுத்து வந்தேன். நாலு பேர் இருக்கும் அறையில் அது என் கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

ஆகஸ்டில் என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் காகிதம் கொடுத்திருக்கிறார்கள். மேஜைமேல் கிடக்கிறது, கையெழுத்துப் போடவில்லை. போடாவிட்டால் ஊருக்கு வந்துவிடலாம். ஆனால் வந்தால் நான் யார்? தாணுலிங்கம் அண்ணன் நேற்றுப் போன் செய்தார். "நீ வந்துரு டேய். பொம்பள பேருக்கு இருக்கட்டும், காரியத்த நம்ம பாத்துக்கிடலாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வேறு வார்டுகளில் வேறு பெண்களைப் பற்றி நானும் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். உன்னை நிற்க வைத்ததே அந்த நினைப்பில்தான். ஊருக்கு வந்தால் எனக்கே தெரியாமல் உன் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வராவிட்டால் என்ன ஆவேன் என்பது அதைவிடப் பயமாக இருக்கிறது.

இந்தத் தடவை கேட்கிறேன் சஜி. நான் வரட்டுமா?

சத்தியராஜ்


கன்னியாகுமரி
3 மார்ச்

அன்புள்ள அத்தானுக்கு,

நாளைக்கு மேயர் தேர்தல். நேற்றுப் பதவி ஏற்ற கையோடு எங்களை வண்டியில் ஏற்றிக் கடலோரத்தில் ஒரு விடுதிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் யாரையாவது இழுத்துவிடுவார்களாம். போன்களை எல்லாம் ஒரு கூடையில் வாங்கிக்கொண்டார்கள். எனக்குத்தான் ஏற்கெனவே போன் கிடையாதே, நஷ்டமில்லை. வெளியே போனதும் இதை ரெஜிஷாவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

பதவி ஏற்கும்போது நீலச் சேலைதான் கட்டியிருந்தேன். குரல் நடுங்கவில்லை.

இங்கே விடுதிக் கேட்டுக்கு வெளியே பெண் கவுன்சிலர்களின் வீட்டுக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் மாற்றுச் சேலை கொடுத்து அனுப்பினார். ஒருவர் தைலம் அனுப்பினார். ஒருவர், நாளைக்கு எங்கே நின்று எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று மனைவிக்குப் பாடம் எழுதி அனுப்பினார். அவள் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பொறாமையும் வந்தது. சாயங்காலம் நானும் அந்தக் கேட் வரை நடந்து போனேன். நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.

கேட்டதற்குப் பதில். கையெழுத்துப் போட வேண்டாம். வாருங்கள். நாற்காலியைப் பற்றிப் பயப்பட வேண்டாம், அதில் உட்கார்ந்தால் நான் எழுப்பிவிடுவேன். மைக்கையே திருப்பிக் கொடுக்காதவள், நாற்காலியைக் கொடுப்பேனா? புட்டுக்குழலை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

ஆகஸ்ட் வரைக்கும் எப்படிப் போகும் என்று தெரியவில்லை. ஒன்பது வருஷத்தைக் கழித்தவளுக்கு இந்த ஐந்தாறு மாதம்தான் பெரிதாக இருக்கிறது.

இன்னொன்று. நான் நேரத்துக்கு வீட்டுக்கு வர மாட்டேன். கீழ்த்தெருவில் கால் வைத்தால் நேரம் போவது தெரியாது என்று இப்போது எனக்கும் தெரிந்துவிட்டது. நீங்கள் சோறு வடித்து மூடி வைத்திருப்பீர்கள். பசித்தால் சாப்பிட்டுவிடுங்கள் என்று எழுதத்தான் வந்தேன். இல்லை, வேண்டாம். சாப்பிடாமல் காத்திருங்கள். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று கேளுங்கள். யார் வீடு, என்ன வேலை, எந்தக் கல் என்று ஒன்றுவிடாமல் சொல்லுவேன்.

உங்கள் சஜி